செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

முதலாண்டுப் பிள்ளைகளிடம் "ஏன் நர்சிங் எடுத்தாய்?" என்று கேட்டால், வகுப்பில் எல்லாரும் "சேவை" என்பார்கள். ஹாஸ்டல் அறையில் கேட்டுப் பாருங்கள். நீட்டில் மார்க் பத்தவில்லை. சித்தி மஸ்கட்டில் நர்ஸ். படித்தால் வேலை நிச்சயம் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். 12 வருடமாக வார்டில் நிற்கிறேன். அதனால்தான், ஒரு பெண் பாதியில் நின்றதும் "ஆர்வமில்லாம வந்தா இப்படித்தான்" என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு ஆர்வம் வந்தது முதல் வருட போஸ்டிங்கில், அதாவது ஆஸ்பத்திரி வார்டு பயிற்சியில். பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பாட்டிக்கு உடம்பு துடைத்துவிடும்போது, இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. பயந்துபோய் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். வந்து பார்த்தவர், "படுக்கைப்புண் இப்படித்தான் ஆரம்பிக்கும். நல்லா கவனிச்சிருக்கே" என்றார். அன்று ராத்திரி, யாரும் சொல்லாமலே அந்தப் பாடத்தை எடுத்துப் படித்தேன். அதுவரை பரீட்சைக்கு மட்டும் திறந்த புத்தகம்.

டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் இருவர், ஊக்கம் உள்ளிருந்து எழ மூன்று உணர்வுகள் வேண்டும் என்கிறார்கள்: விரும்பித்தான் செய்கிறேன், என்னால் முடிகிறது, இங்கே எனக்கும் இடமுண்டு. சிஸ்டர் சொன்ன ஒரு வரியில் பின்னிரண்டும் எனக்குக் கிடைத்தன. முதலாவது தானாகப் பின்னால் வந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு அவ்வளவு அவகாசம்கூட இல்லை. 2021-22 முதல் பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது. நாங்கள் வருடக் கடைசியில் எழுதிய அனாட்டமியும் (உடற்கூறு) ஃபிசியாலஜியும் (உடலியக்கம்) இப்போது முதல் செமஸ்டரிலேயே வருகின்றன. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்யும் விதம் தெரியும், அதை இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுத வராது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டம். பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகும், அனாட்டமிக்கு ஆகாது. அரியர் விழுகிறது. "உனக்கெல்லாம் எதுக்கு நர்சிங்?" என்று வகுப்பு முன்னால் கேட்கிறோம். அதற்குப் பிறகுதான் அவள் புத்தகத்தைத் தொடுவதில்லை. ஆர்வம் போனதால் தோற்றாள் என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

நான் படித்த இடத்தில், பாதியில் நின்றால் நாலு வருட ஃபீஸையும் கட்டினால்தான் சர்ட்டிஃபிகேட் என்றார்கள். யாரும் நிற்கவில்லைதான். ஆனால் என்னோடு படித்தவர்களில் எத்தனையோ பேர் டிகிரி வாங்கிய கையோடு நர்சிங்கையே விட்டுவிட்டார்கள்.

முதல் மூன்று மாதம் பாடத்தைத் தமிழிலும் விளக்குங்கள். முதல் இன்டர்னல் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது, எங்கே மார்க் போனது என்று ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். போஸ்டிங்கில் கேர் பிளானை (நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் திட்டம்) எண்ணி வாங்குவதைக் குறைத்து, ஒரு நோயாளியை ஒரு வாரம் முழுக்க அவளிடமே விடுங்கள்.

அடுத்த முறை டி.சி. கேட்டு ஒருத்தி உங்கள் அறை வாசலில் நின்றால், அவள் அப்பாவுக்கு போன் போடுவதற்கு முன் எந்தப் பேப்பர் போனது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்