பாதி வரை எதற்கு?

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் வந்த பகா எண் கட்டுரையில், ஓர் எண்ணை அதன் பாதி வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். விடை தப்பாது, பிள்ளைகளுக்குத்தான் கை ஓய்ந்துபோகும். வர்க்கமூலம் வரை போதும். இரண்டு காரணிகளுமே அதைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்குத்தொகை எண்ணையே தாண்டிவிடுமே! எங்கள் கோத்தகிரியின் உயரம் 1793 மீட்டர் என்பார்கள். பார்வைக்குப் பகா எண்தான். உங்கள் வழியில் 896 வரை போக வேண்டும். வர்க்கமூலமோ 42 சொச்சம். 2 முதல் 41 வரை 13 பகா எண்களோடு வேலை முடிந்தது. இந்த எண் 11இலேயே அகப்பட்டுவிடும்: 11 × 163. (தொட்டபெட்டா சிகரத்தின் உயரமான 2637க்கு அந்தப் பாடும் வேண்டாம். இலக்கங்களைக் கூட்டினால் 18, மூன்றால் வகுபடும்.)

அதைவிட உறுத்தியது கடைசிப் பத்தி. கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் கண்ட முறையில்தான் கணினிகள் இன்று சோதிக்கின்றன என்று இருந்தது. எண் எவ்வளவு நீண்டாலும், சந்தேகத்துக்கு இடமில்லாத விடையை, வேலை கட்டுக்கடங்காமல் பெருகாதபடி பெற முடியும் என்று முதலில் நிரூபித்தவர்கள் அவர்கள். பெரிய சாதனை. ஆனால் அந்த முறை மெதுவானது. நடைமுறையில் பெரும்பாலும் ஓடுவது மில்லர்-ராபின் சோதனை.

மில்லர்-ராபின் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையாலேயே காட்டலாம். 341ஐ எடுங்கள். அது பகா எண்ணாக இருந்தால், 2இன் 340ஆம் அடுக்கை 341ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். 2இன் 10ஆம் அடுக்கு 1024, மீதி 1. எனவே 340ஆம் அடுக்குக்கும் 1தான். தேறிவிட்டது, ஆனால் 341 = 11 × 31! மில்லர்-ராபின் ஒருபடி உள்ளே போகிறது. 1024 என்பது 32இன் வர்க்கம். பகா எண்ணில் வர்க்கத்துக்கு மீதி 1 என்றால், மூல எண்ணின் மீதி 1 ஆகவோ, வகுக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவாகவோதான் இருக்க முடியும். 32 இரண்டும் இல்லை. குட்டு உடைந்தது.

அடுக்கேற்றும் எண்ணாக (அடிமானமாக) மேலே 2ஐ வைத்ததுபோல், 2, 3, 5, 7 என்ற நான்கே அடிமானங்களில் இப்படிச் சோதித்தால் 321 கோடி வரை எந்தப் பகு எண்ணும் தப்ப முடியாது. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் (இப்படி மீதிகளை வைத்துப் போடும் கணக்கு) இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது எட்டும். திருத்தம் போடும்போது 341ஐயும் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோத்தகிரி