ரப்பர் குண்டு உயிருக்கு ஆபத்தில்லாததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தில் நடந்த மோதல்கள் பற்றிய சென்ற இதழின் கட்டுரையில், 'கூட்டத்தைக் கலைக்க உயிருக்கு ஆபத்தில்லாத ரப்பர் குண்டுகளே பயன்படுத்தப்பட்டன' என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. வேறு இதழாக இருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் இதழில் வந்ததால்தான் மனம் ஆறவில்லை.

1970 முதல் அங்கே சுடப்பட்ட ரப்பர் குண்டு 38 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 15 செ.மீ. நீளமும் கொண்டது. ஆளுக்கு முன்னால் தரையில் சுட வேண்டும், அது எகிறிப்போய்க் காலில் பட வேண்டும் என்பது ஏற்பாடு. காற்றில் குட்டிக்கரணம் போட்டபடி போகும் குண்டு, தரையில் பட்டதும் எந்தப் பக்கம் எகிறும் என்று சுட்டவருக்கே தெரியாது. 1972 ஏப்ரலில் பெல்ஃபாஸ்ட்டில் அதற்குப் பலியானவன் 11 வயதுச் சிறுவன்.

1973-இல் வந்த பி.வி.சி. எனும் பிளாஸ்டிக் குண்டு இன்னும் மோசம். எடை 135 கிராம், நீளம் 10 செ.மீ., முனை தட்டை, வேகம் வினாடிக்குச் சுமார் 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கி.மீ. இதை நேராகவே சுடுவார்கள். 20 மீட்டருக்குள் சுடக் கூடாது, உடலின் கீழ்ப்பகுதியைத்தான் குறிவைக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் படையினருக்கோ பிறருக்கோ பெரும் ஆபத்து என்றால் அந்தத் தூரக் கட்டுப்பாடு கிடையாது. ஆபத்து இருந்ததா என்று முடிவு செய்வது, சுடுபவரே! இன்னொன்று, வளர்ந்தவரின் இடுப்பு உயரத்தில் போகும் குண்டு ஒரு பிள்ளைக்கு நெஞ்சிலோ தலையிலோதான் படும். இரண்டு வகையும் சேர்ந்து 17 பேரைக் கொன்றன. அவர்களில் எட்டுப் பேர் 16 வயது நிரம்பாதவர்கள். 1982-இலேயே ஐரோப்பிய நாடாளுமன்றம் இதைத் தடைசெய்யச் சொன்னது. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல.

இந்த ஒரு வரி மட்டும் என்றால் இத்தனை எழுத மாட்டேன். முன்பு ஒரு கட்டுரையில் 1969-இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் கண்ணீர்ப்புகை வீசியது பிரிட்டிஷ் ராணுவம் என்று போட்டிருந்தீர்கள். நெருக்கமான குடியிருப்புக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சி.எஸ். கண்ணீர்ப்புகைக் குப்பிகளைச் சுட்டது உள்ளூர் அல்ஸ்டர் காவல்துறை. ராணுவம் இறங்கியது ஆகஸ்ட் 14 அன்று. அப்போதே எழுதினேன். பதில் இல்லை.

'டிப்ளாக் நீதிமன்றங்கள்' பற்றியும் ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்கள். பிரிட்டிஷ் நீதிபதி டிப்ளாக் பிரபுவின் 1972 அறிக்கையை ஒட்டி 1973-இல் சட்டம் வந்தது. பட்டியலிட்ட குற்றங்களுக்கு ஜூரி எனும் பொதுமக்கள் நடுவர் குழு இல்லை, ஒரே நீதிபதி. கொலை மட்டுமல்ல, கலவரமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நம் நாட்டிலும் ஜூரி முறை போய்விட்டதால் நம் வாசகருக்கு இது பெரிதாகத் தோன்றாது. உண்மையான கேடு வாக்குமூலத்தில் இருந்தது. சித்திரவதையோ மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தையோ இருந்ததாகக் காட்டினால் ஒழிய, காவலில் வாங்கிய வாக்குமூலம் சாட்சியமாக ஏறும். அதை நம்பியே பெரும்பாலான தண்டனைகள் விழுந்தன. காவலில் இருந்தவர்களின் சில காயங்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டவை அல்ல என்று 1979-இல், காவல்துறையின் விசாரணை முறைகளை ஆராய்ந்த பென்னெட் குழு சொன்ன பிறகுதான் விசாரணை அறைகளைக் கண்காணிக்கும் பேச்சே வந்தது.

சுட்டவர்கள் பக்கம் என்ன நடந்தது? 1981 ஜூலையில் மூன்று குழந்தைகளின் தாய் ஒருவர் கடைக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் குண்டு பட்டு இறந்தார். அந்த இடத்தில் கலவரம் நடந்தது என்று காவலர்கள் சாட்சி சொன்னார்கள். கனடாப் படக்குழு எடுத்திருந்த படம் மரண விசாரணையில் அதைப் பொய்யாக்கியது. அப்படியும் வழக்குத் தொடரப்படவில்லை. 1984-இல் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னாலேயே 22 வயது இளைஞர் ஒருவர் சில மீட்டர் தூரத்திலிருந்து சுடப்பட்டு இறந்தார். சுட்ட காவலர் மீது வழக்கு நடந்தது. 1986-இல் ஒற்றை நீதிபதி அவரை விடுவித்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும் கட்டுரையில் 'ஆபத்தில்லாத' என்று எழுதலாமா, ஐயா?

2007-இல் டிப்ளாக் முறை 'ஒழிந்தது' என்பதும் முழு உண்மையல்ல. அரசு வழக்குத் தொடுநர் சான்றளித்தால் இன்றும் ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம்.

நான் கேட்பது, வரும் இதழில் நான்கு வரித் திருத்தம். குண்டின் எடை, வேகம், 20 மீட்டர் விதி, இறந்த 17 பேர் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடாமல், அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற குற்றவியல் வழக்கறிஞர்,
மதுரை