சோதனை அறிக்கையில் ஏன் ஒரே எண் இல்லை?

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வாங்கும்போது கையேட்டில் 2 பிக்கோவினாடி என்று போட்டிருந்தது; உங்கள் அறிக்கையில் 2.5 என்று வந்திருக்கிறதே, ஸ்ட்ரீக் கேமரா பழுதா?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். பழுதில்லை. ஸ்ட்ரீக் கேமரா என்பது பிளவு வழியே வரும் ஒளியை எலக்ட்ரான்களாக்கி, அவற்றை ஒளிர்திரையின் குறுக்கே வேகமாக வீசி (இதுதான் வீச்சு), நேரத்தைத் திரையில் தூரமாகக் காட்டும் கருவி. அந்த எண் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறு நேரம்; பிக்கோவினாடி என்பது ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்ததால் இந்த மடல்.

கையேட்டில் வருவது மிகக் குறுகிய பிளவு, மங்கிய ஒளி, அதிவேக வீச்சு என எல்லாம் சாதகமாக இருக்கும்போது கிடைத்த எண். நாங்கள் அளப்பது நீங்கள் அன்றாடம் வைக்கும் பிளவில். வீச்சை நிறுத்திவிட்டுப் பிளவின் பிம்பத்தை மட்டும் முதலில் எடுப்போம். ஒளிர்திரையில் அதன் அகலம் 0.1 மில்லிமீட்டர், வீச்சு மில்லிமீட்டருக்கு 20 பிக்கோவினாடி என்றால், பிளவுக்கே 2 பிக்கோவினாடி போய்விடுகிறது. ஒளிமின்வாயிலிருந்து (ஒளி பட்டால் எலக்ட்ரான்களை வெளிவிடும் பரப்பு) எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் கிளம்புவதுமில்லை. அதனால் வரும் நேரச் சிதறல் 1.5 பிக்கோவினாடி என்றால், இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்: 2.5. சோதனைக்கு விடும் லேசர் துடிப்பு 0.1 பிக்கோவினாடிதான், அதன் மேல் பழி போட முடியாது.

ஒளியைக் கூட்டினால் படம் பளிச்சென்று வரும், அளவு கெட்டுவிடும். நெருக்கியடித்துக் கிளம்பும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் துடிப்பு அகன்று தெரியும். ஆகவே வடிகட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவோம். அகலம் இனிச் சுருங்காது என்ற இடத்தில்தான் குறித்துக்கொள்வோம். அறிக்கையில் உள்ள படம் மங்கலான கீற்றாக இருப்பது அதனால்தான். அழகான படம் வேண்டுமென்றால் தனியாக எடுத்துத் தருகிறோம். அதிலிருந்து எதையும் அளக்காதீர்கள்.

நேர அளவுகோலைச் சரிபார்க்க, 15 மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும், ஒளியைச் சிறிது கசியவிடும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு துடிப்பை விடுகிறோம். போய்வர 30 மில்லிமீட்டர். ஆகவே 100 பிக்கோவினாடிக்கு ஒன்றாகத் துடிப்புகள் வரிசையாக வெளிவரும். படத்தில் அவை ஏணிப்படிபோல் சம இடைவெளியில் நிற்க வேண்டும். ஓரங்களில் படிகள் நெருங்கினாலோ விலகினாலோ அந்த இடத்தில் வீச்சு சீராக இல்லை. அறிக்கையின் மூன்றாம் பக்கத்துத் திருத்த அட்டவணை இதற்காகத்தான். அதைப் பிரிக்காமலே கோப்பில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு!

கடைசியாகக் கம்பி. "திரை இருட்டாகிவிட்டது" என்று வரும் கேமராக்களில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன. வீச்சைத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞை வரும் தூண்டல் கம்பியை யாரோ ஒரு மீட்டர் கூடுதல் நீளமானதாக மாற்றியிருப்பார்கள். ஒரு மீட்டர் கோஆக்சியல் கம்பியில் சமிக்ஞை ஏறக்குறைய 5 நானோவினாடி (ஒரு நானோவினாடி 1,000 பிக்கோவினாடி) தாமதப்படும். உங்கள் வீச்சு முழுவதுமே 1 நானோவினாடி என்றால், வீச்சு தொடங்குமுன்பே ஒளி வந்து போய்விடும்.

எனவே கேமராவை அனுப்பும்போது நீங்கள் பயன்படுத்தும் அதே கம்பியையும் பெட்டியில் வையுங்கள். பிளவை மூடி, மூடியையும் போட்டு அனுப்புங்கள். அறை வெளிச்சத்தில் மின்பெருக்கத்தை ஏற்றிப் பார்க்க வேண்டாம். ஒளிமின்வாய் போனால் அது இருக்கும் குழாயையே மாற்ற வேண்டும், அதற்கு எங்களிடம் மலிவான வழி எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சோதனைக்கூடத்தார்