ஓட்டை போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் இதழில், கோயம்பேட்டில் கரும்பு பார்த்து வாங்குவது எப்படி என்ற குறிப்பைப் படித்தேன். ‘கரும்பில் ஓட்டை இருந்தால் விவசாயியின் அலட்சியம், ஒருமுறை மருந்து அடித்திருந்தால் போதும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி. எழுதியவர் கரும்பு கடித்திருப்பார், சந்தேகமில்லை. கரும்பின் காய்ந்த தோகையை, அதாவது சோகையை, உரித்திருக்கிறாரா?

அந்த ஓட்டை பெரும்பாலும் இடைக்கணுப்புழுவின் வேலை. தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவுக்கு மேலே மருந்து அடித்து என்ன பயன்? தாங்கள் அறியாததா! நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 6 தடவை டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி பொரித்து வரும் அட்டையை வயலில் கட்ட வேண்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி, புழுவின் தாய்ப்பூச்சி இடும் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும்; அதிலிருந்து புழு வராது. உங்கள் நிருபர் சொல்கிற மருந்தை அடித்தால் அந்தக் குளவியும் சாகும். 5, 7 மாதங்களில் சோகையும் உரிக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைத்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

விழுப்புரம் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் ஆலைக் கரும்பு. மகன் வீட்டோடு சென்னைக்கு வந்த பிறகும் வாரம் ஒருமுறை பஸ் ஏறுகிறேன். அட்டை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன். நாலாவது தடவை கொடுத்தார்கள். வயலில் போய்ப் பிரித்தால், குளவிகள் உறைக்குள்ளேயே பொரித்துச் செத்துக் கிடந்தன. அந்த வருஷம் எடையும் குறைந்தது. ஆலைப் பணம் வர எட்டு மாதம் ஆனது. இதுவும் என் அலட்சியம்தானா?

இன்னொன்று. போன வருஷம் நாணல் படத்தைப் போட்டு ‘செழித்து நிற்கும் கரும்பு’ என்றீர்கள். கோயம்புத்தூரில் கரும்பை நாணலோடு இனக்கலப்பு செய்துதான் கோ 205 என்ற கரும்பு ரகத்தை உண்டாக்கினார்கள், உண்மை. அதற்காக நாணலே கரும்பாகிவிடுமா? அப்போதும் கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. கரும்புச்சாறு பாயசத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் கிடைத்தது. சரி, அது உங்கள் விருப்பம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம். ‘இடைக்கனு’ என்று அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மடிப்பாக்கம், சென்னை.