வைவாவில் ஒரு கேஸாவது நோயாளியின் மொழியில் இருக்கட்டும்

பேச்சு-மொழி சிகிச்சையில் எம்.எஸ்சி. நடத்துகிறவர்களுக்கும், அதற்குப் பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்து உட்காருகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் 11 வருடமாக ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். மாடியில் ஒரே அறை. ஒரு பாய், ஒரு முகக்கண்ணாடி, ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் காய்கறி. கீழே மளிகைக் கடை. ஊரில் 'பேச்சு டாக்டரம்மா' என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் 2 வருடம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். எம்.எஸ்சி. முடிக்கிற மாணவர் கடைசி கிளினிக்கல் தேர்வில் ஒரு கேஸையாவது நோயாளியின் மொழியிலேயே நடத்திக் காட்ட வேண்டும். படத்தைக் காட்டி 'இது என்ன' என்று கேட்பதோடு முடிந்துவிடக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடமோ மனைவியிடமோ, என்ன பிரச்சினை, இனி வீட்டில் என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். அதற்கு மார்க் போடுங்கள். அதில் தோற்றால் தோற்றதுதான்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், நான் படித்த படிப்பு என்னை ஒரு பாட்டியிடம் வெட்கப்பட வைத்தது.

இளநிலையின் 4ஆவது வருடம், இன்டர்ன்ஷிப். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து 5 வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி கூட்டிக்கொண்டு வந்தார். 'காக்கா' என்பதை 'தாத்தா' என்றான். அது உண்மையான கேஸ். நாக்கின் பின்பகுதி தூக்க வேண்டிய இடத்தில் நுனி தூக்குகிறது. படப் புத்தகத்தை வைத்து எல்லா ஒலியையும் சோதித்தேன். வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்றான். மழையை 'மய' என்றான். ஆக ழகரமும் வரவில்லை என்று படிவத்தில் எழுதி, க-வுக்கு 3 வாரம், ழ-வுக்கு 6 வாரம் தெரபி கொடுத்தேன். க வந்துவிட்டது. ழ-வுக்கு வாரம் 2 தடவை பஸ் பிடித்து வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் பாட்டிதான் கேட்டார்: "ஏம்மா, எங்க ஊட்ல எல்லாருமே வாயப்பயம்னுதான் சொல்லிகினு கீறோம். அப்ப எங்களுக்கும் சேத்து டிரீட்மென்ட் குடுப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது. வட ஆற்காட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். என் தாத்தாவும் கெயவிதான் சொல்வார், கெயவன்தான் சொல்வார். ழ இங்கே யகரமாவது இந்த வட்டாரத்துப் பேச்சு வழக்கம். அது குறையும் இல்லை, நோயும் இல்லை. 'வழக்கு வேறு, குறை வேறு' என்று வகுப்பில் படித்திருந்தேன். பரீட்சையில் அதற்கு 10 மார்க் கேள்வியும் வந்தது, நன்றாகவே எழுதினேன். ஆனால் உதாரணங்கள் எல்லாம் அமெரிக்க ஆங்கிலம். என் தெருவின் பேச்சு அதற்குள் வரும் என்று எனக்கும் தோன்றவில்லை, சூப்பர்வைசருக்கும் தோன்றவில்லை. கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. பையன் இஸ்துகினு, இட்டுகினு, கீது என்று பேசியதை 'இலக்கணப் பிழைகள்' என்று வேறு எழுதியிருந்தேன். அந்த ஷீட் இப்போது கிடைத்தால் கிழித்துப் போடுவேன்.

தமிழில் சோதனைகள் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கின்றன. ஆனால் சோதனைத் தாளில் இருக்கும் தமிழும் வாயில் இருக்கும் தமிழும் ஒன்றில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பக்கவாதம் வந்து பேச்சுப் போன ஒரு பெரியவர், தறி ஓட்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர். 'அவன் சந்தைக்குச் சென்றான்' என்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். 'அவன் சந்தைக்கிப் போனான்' என்றார். சோதனையின் கணக்குப்படி ஒரு சொல் மாறிவிட்டது, தப்பு. ஆனால் அந்த மனிதர் கேட்டதைப் புரிந்துகொண்டு, நினைவில் வைத்து, தன் வாய்மொழிக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறார். மூளையில் அடிபட்டு 20 நாள் ஆனவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! சோதிக்கிறவர் தமிழில் யோசித்தால்தான் அது காதில் விழும். மனதுக்குள் ஆங்கிலத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தால் விழாது.

தமிழோடும் முடிகிற ஊர் இல்லை இது. 2019இல் மூன்றாகப் பிரிப்பதற்கு முன் வேலூர் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்புப்படி, 39 லட்சம் பேர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று போனால் வீட்டில் உருது. காட்பாடி தாண்டிச் சித்தூர் ரோட்டில் தெலுங்கு, எங்கள் குடியாத்தத்திலும் தெலுங்கு வீடுகள் நிறைய. வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசிய ஒருவருக்கு அஃபேசியா, அதாவது மூளை பாதித்துப் பேச்சுப் போகிற நிலை, வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும்? சின்ன வயதில் கற்றதுதான் முதலில் வரும் என்று ஒரு பழைய கருத்து, அதிகம் புழங்கியதுதான் வரும் என்று இன்னொரு பழைய கருத்து. ரீபோ, பீத்ர் என்று 2 பிரெஞ்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் சொன்னதை இன்னும் பரீட்சைக்கு எழுதி வருகிறோம். நேரில் பார்த்தால் சிலருக்கு இப்படி, சிலருக்கு அப்படி. ஆனால் தமிழில் மட்டும் சோதித்துவிட்டு 'பேச்சு முழுதும் போய்விட்டது' என்று எழுதினால், மகளிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்கிற மனிதரை நாம் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

பேச்சை விடுங்கள், விழுங்குவதற்கு வருகிறேன். வெளியில் நிறைய பேருக்குத் தெரியாது, முதுநிலை படித்தவருக்கு ஆஸ்பத்திரியில் பாதி வேலை தொண்டையில்தான். பக்கவாதம், வாய்ப் புற்றுநோய் அறுவை, தலைக்காயம். மூக்குக் குழாயை எப்போது எடுக்கலாம், வாய் வழியாக எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். தப்பினால் நிமோனியா. புரையேறி இருமினாலாவது தெரிந்துவிடும். இருமலே இல்லாமல் சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பயம். உணவின் பதத்துக்கு 0 முதல் 7 வரை சர்வதேச அளவுகோல் இருக்கிறது. நீர்ப் பதமாக இருந்தால் 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி, 10 விநாடி கழித்து எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. நல்ல அளவுகோல், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிற மனைவியிடம் 'லெவல் 3 கொடுங்கள்' என்றால் அவர் என்ன செய்வார்? இங்கே வீட்டில் இருப்பது கேழ்வரகு. கூழாகக் கரைக்கலாம், கஞ்சியாகக் காய்ச்சலாம், களியாகக் கிண்டலாம். கூழ் அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு பதம், ஆற ஆற இறுகி வேறு பதம். காலையில் சரியாக இருந்தது மதியம் சரியாக இருக்காது. களி அதைவிட மோசம். நம் ஊரில் களியை யாரும் மெல்லுவதில்லை, உருண்டை பிடித்துக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். 'மெத்தென்ற உணவு கொடுங்கள்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு மாணவி சொல்லி அனுப்ப, அந்த வீட்டில் மெத்தென்று இருப்பதிலேயே நல்லது களிதானே என்று உருட்டிக் கொடுக்கப் பார்த்தார்கள். நல்ல வேளை, பக்கத்து வீட்டுப் பெண் எனக்குப் போன் செய்தாள். அந்த மாணவிக்கு அளவுகோல் மனப்பாடம். களி எப்படிச் சாப்பிடுவார்கள் என்று மட்டும் தெரியாது. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அதே மாதிரிதான் வீட்டுப் பயிற்சி. 'தினமும் ஒரு மணி நேரம் குழந்தையோடு விளையாடுங்கள்' என்று தாளில் எழுதிக் கொடுக்கிறோம். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அம்மாவுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, ஒரு மணி நேரம் போனால் அத்தனை பீடி போகும். நான் அவரை வேலையை நிறுத்தச் சொல்வதில்லை. முறத்துக்கு எதிரே பிள்ளையை உட்கார வைத்து, இலை வெட்டும்போது 'வெட்டு', கட்டும்போது 'கட்டு', எண்ணும்போது சேர்ந்து எண்ணச் சொல்கிறேன். (புகையிலைத் தூளைக் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்வது தனிக் கதை.) இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம், அந்த அம்மாவோடு 10 நிமிடம் அவர் பேச்சில் பேசினால் போதும்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய பதில்களுக்கு வருகிறேன்.

பாடத்திட்டம் எங்கள் கையில் இல்லை, இந்திய மறுவாழ்வு கவுன்சிலும் பல்கலைக்கழகமும் சொல்வதுதான் என்பீர்கள். சரி. ஆனால் இன்டர்னல் மார்க் உங்கள் கையில்தானே? மாணவர் பார்த்த கேஸ்களைப் பதிகிற லாக் புக்கில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தானே? முதலில் அங்கே தொடங்கலாம்.

மாணவர்கள் எல்லா மாநிலத்திலிருந்தும் வருகிறார்கள், எல்லோருக்கும் தமிழ் வருமா என்பீர்கள். தமிழ் என்று நான் கேட்கவில்லை, நோயாளியின் மொழி என்றுதான் கேட்கிறேன். 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி நாடு முழுக்க இருந்து ஆள் வருகிற ஊர் வேலூர். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் லாட்ஜ்காரரும் பழக் கடைக்காரரும் வங்காளம் பேசுகிறார்கள், எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுக்கவில்லை. நோயாளி கொல்கத்தாக்காரர் என்றால் வங்காளி மாணவி வங்காளத்தில் நடத்தட்டும். மலையாளப் பெண்கள் வந்தால் இன்னும் நல்லது, எங்களுக்கு வராத ழ அவர்களுக்கு அழகாக வரும்.

வெளித் தேர்வாளருக்கு அந்த மொழி தெரியாவிட்டால்? அந்த அம்மாவையே கேளுங்கள். 'இந்தப் பொண்ணு சொன்னதில் என்ன புரிந்தது, வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள்' என்று ஒருவர் மொழிபெயர்த்துக் கேட்டால் 5 நிமிடத்தில் தெரிந்துவிடும். என்னிடம் வந்து போன ஒரு பயிற்சி மாணவி, மூன்றரை வயதுக் குழந்தையின் அம்மாவிடம் 'எக்ஸ்பிரெசிவ் லாங்வேஜ் டிலே' என்று கால் மணி நேரம் விளக்கினாள். முடிந்ததும் அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அப்ப ஊமையாம்மா?" குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதெல்லாம் புரிகிறது, சொல்ல வருவது மட்டும் தாமதம் என்று அந்த மாணவிக்குத் தெரியும். அத்தனையும் எழுதி வைத்திருந்தாள். அந்த மூன்று வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. வேலூரில் பிறந்த பெண் அவள்.

அந்தக் குழந்தையின் நாக்கில் ஏற்கனவே வசம்பு தேய்த்துப் பார்த்திருந்தார்கள், நாக்கின் அடிச் சவ்வை அறுத்துவிடலாமா என்றும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் பதில் கிடைக்காவிட்டால் மக்கள் சும்மா இருக்கமாட்டார்கள், பதில் கிடைக்கிற இடத்துக்குப் போவார்கள்.

ஸ்டைபெண்ட், விடுதி, சாதனங்கள் பற்றி எல்லாம் எழுதப் போவதில்லை. அதற்கு மாணவர்களே இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை எனக்குப் பக்கவாத நோயாளிகள் வருகிற நாள். வேலூரிலிருந்து குடியாத்தத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இரண்டு இரண்டு பேராக மாணவர்களை அனுப்புங்கள், கூட ஒரு சூப்பர்வைசரும் வந்தால் நல்லது. லாக் புக் கொண்டு வரட்டும், என் கையெழுத்து செல்லாது என்றால் பரவாயில்லை. சிரிஞ்ச் கொண்டு வரட்டும். கூழ் நான் காய்ச்சி வைக்கிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்