பெரிய பிள்ளை எண்டா பலமான பிள்ளையா?

மச்சாள்,

எப்பிடி இரிக்காய்? இஞ்ச கல்லடியில எல்லாரும் சுகம், மழைதான் விட்டபாடில்ல. நீ அனுப்பின வொயிஸ் கேட்டன். மகளுக்குக் கிளினிக்ல சீனி கூடவாம் எண்டதும் அவட மாமி "புள்ளத்தாச்சிக்கு இது வாறதுதான், பெத்தாப் போயிரும்" எண்டு சொன்னாவாமே. போனில கதைச்சா பாதிய விட்டுருவன், அதான் எழுதுறன்.

அவ சொன்னது பாதி சரி. பெத்தாப்பிறகு தாய்க்குச் சீனி பெரும்பாலும் இறங்கிரும். ஆனா பிள்ளை மாசக்கணக்கா அந்தச் சீனிக்குள்ளதானே வளர்ந்திரிக்கு. தாயிட ரத்தத்தில இரிக்கிற சீனி தொப்புள்கொடியால பிள்ளைக்குப் போகும், இன்சுலின் போகாது, அப்ப பிள்ளை தானே கூடக்கூட இன்சுலின் சுரக்கும், சீனியெல்லாம் கொழுப்பாச் சேரும், இத டென்மார்க் டொக்டர் பெடர்சன் 1950கள்லயே சொல்லிட்டார். கொடிய வெட்டின உடன சீனி நிண்டிரும், பிள்ளைட இன்சுலின் உடன நிக்காது. என்ட தங்கச்சிட மகன் 4 கிலோவுக்கு மேல, பாக்க வந்த சனமெல்லாம் "ராசா மாதிரி இரிக்கான்" எண்டதுகள், அவனுக்கெண்டா கை ரெண்டும் வெடவெடக்குது, முலையில வாய வைச்சும் உறிஞ்சாமத் தூங்கித் தூங்கிப் போறான். நேர்ஸ் குதிக்காலில குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தா சீனி நல்லாக் குறைவு. தங்கச்சிட பாலப் பிழிஞ்சு சின்னக் கப்பால பருக்கிப் பருக்கித்தான் ஏத்தினாங்க.

அதோட நிக்கிறேல்ல மச்சாள். நோய் எதிர்ப்பு சக்திதான் நம்ம ஆக்கள் யோசிக்காத விசயம். சீனி கூடினா கிருமிய விழுங்கிற வெள்ளைக் கலங்கள் மந்தமாகிரும், அதாலதான் சீனி கூடின தாய்மாருக்குச் சலக்கடுப்பும் வெள்ளைபடுதலும் திரும்பத் திரும்ப வரும், சிசேரியன் காயமும் ஆற நாளெடுக்கும். சலத்தில கிருமி இரிந்தா விட்டுராத, அது முத்தினா குறைமாசத்திலயே வலி வந்திரும். குறைமாசப் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி இன்னும் குறைவு, ஏனெண்டா தாயிட ஐஜிஜி எண்ட எதிர்ப்பொருள் கொடியால பிள்ளைக்குக் கூடுதலாப் போறது கடைசி மூணு மாசத்திலதான். பிள்ளைட இன்சுலின் கூடினா நுரையீரல் முத்துறதும் பிந்தும், மூச்சுக் கஷ்டம் வாறது அதால. பாரமான பிள்ளையெல்லாம் பலமான பிள்ளை இல்லகா!

அதுக்குத்தான் சொல்லுறன், பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள கடும்புப்பால் குடுக்கோணும், சீனியும் ஏறும், அதில இரிக்கிற ஐஜிஏ எண்ட எதிர்ப்பொருள் குடலையும் பாதுகாக்கும். சீனி இரிக்கிற தாய்மாருக்குப் பால் இறங்கக் கொஞ்சம் பிந்தும், அதப் பாத்துப் பயந்து மாமி சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைக்க வெளிக்கிட்டா நீ விடாத. தேனால பிள்ளைக்கு நஞ்சு ஏறின சம்பவங்கள் இரிக்கு, ஒரு வயசு வரைக்கும் தேனே வேணாம்.

மகளுக்கு ஓஜிடிடி எண்ட சீனி டெஸ்ட் செய்தாச்சா? 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சிட்டு ரெண்டு மணித்தியாலம் வாங்கில இரிக்கோணும், வெறும் வயிறு எண்டதால சத்தி வரப் பாக்கும், ஒராள் கூடப் போகட்டும். உலக சுகாதார நிறுவனம் 2013ல சொன்ன கணக்கு, வெறும் வயித்தில 92 mg/dL, ஒரு மணித்தியாலத்தில 180, ரெண்டாவதில 153, இதில ஒண்டு எட்டினாலும் சீனி வருத்தம்தான். அதுக்குக் கீழ எண்டாலும் கவனமில்லாம இரிக்க ஏலாது, 2008ல வெளிவந்த ஹாப்போ ஆய்வு 9 நாட்டில 25,000க்கு மேல புள்ளத்தாச்சிமாரப் பாத்தது, சீனி ஏற ஏறப் பிள்ளைட பாரமும் ஏறிக்கொண்டே போகுது, இந்த இடத்துக்குக் கீழ பயமில்ல எண்டு கோடு கிழிக்க ஏலல்ல.

சாப்பாட்ட நிப்பாட்டிப் பட்டினி போட்டுராத. சோத்த அரைவாசி ஆக்கிக் கீரையும் மீனும் கூட்டு, புட்டுக்கு வாழைப்பழம், தயிருக்குப் பாணி, இது ரெண்டையும்தான் இப்பைக்கு மறக்கோணும். சாப்பிட்டாப்பிறகு வளவுக்குள்ள நடக்கட்டும். அப்பிடியும் இறங்காட்டி இன்சுலின் குத்தச் சொல்லுவாங்க, பயப்பிடாதகா, அது பிள்ளைக்குப் போகாது.

மறுகா, பெத்து ஆறு கிழமையில திரும்ப டெஸ்ட் இரிக்கு, அத மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேட்டு நினைவு வைச்சுக்க. இப்பிடி வந்த பொம்பிளையளுக்குப் பிறகு நிரந்தரமாச் சீனி வாறது மத்தவங்கள விட 7 மடங்குக்கு மேல எண்டு 2009ல லான்செட் எண்ட மருத்துவப் பத்திரிகையில வந்திருந்திச்சி.

ரிப்போர்ட் வந்த உடன போட்டோ எடுத்து அனுப்பு. லீவு கிடைச்சா அக்கரைப்பற்றுக்கு வாறன், மகளுக்குக் குரக்கன் மா திரிச்சுக் கொண்டு வாறன்.

உன்ட கூட்டாளி