மூன்று நாள் வாயைக் கட்டினால் படம் ஓடிவிடுமா?

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கத்துக்கும் நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கத்துக்கும், படம் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத ஒரு ரசிகனின் வணக்கம்.

2024 நவம்பரில் உங்களில் ஒரு சங்கம் அறிக்கை விட்டது. இந்தியன் 2, வேட்டையன், கங்குவா மூன்றையும் யூடியூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டன, இனி முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வருபவர்களிடம் மைக்கை நீட்டுகிறவர்களைத் திரையரங்கு வளாகத்துக்குள்ளேயே விடக் கூடாது என்பது அதன் சாரம். கொஞ்ச நாளில் இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், படம் வந்த முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரக் கூடாது என்று கேட்டது. டிசம்பரில் நீதிமன்றம் அப்படி ஒரு தடையைப் போட மறுத்துவிட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும், எல்லாரும் நல்லதாகவே சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்பது நீதிபதி சொன்னதன் பொருள்.

நீதிமன்றத்தில் கிடைக்காத அந்த மூன்று நாளை இப்போது மேடைகளில் கேட்கிறீர்கள். ஒரு பெரிய படம் தடுமாறினால் போதும், 'நாலு நாள் பொறுத்து விமர்சனம் போட்டால் என்ன குறைந்துவிடும்' என்று யாராவது மைக் பிடித்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

கங்குவாவையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் 14 அன்று படம் வந்தது. மதியத்துக்குள் ரசிகர்கள் சொன்ன முதல் புகார் கதையைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ அல்ல. 'சத்தம் தாங்கவில்லை, எல்லாரும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள், தலைவலியோடு வந்தேன்' என்றார்கள். அடுத்த ஓரிரு நாளில் தயாரிப்புத் தரப்பே ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. படத்திலிருந்தும் சுமார் 12 நிமிடம் போனது. எந்த வாய்களை மூட வேண்டும் என்று அறிக்கை கேட்டதோ, அதே வாய்கள் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தத் திருத்தங்கள் நடந்தன. அதுவும் அதே வாரத்தில்! நீங்கள் கேட்கும் மூன்று நாள் தடை அப்போதே இருந்திருந்தால், முதல் வார இறுதி முழுக்க அந்தச் சத்தத்தோடேயே படம் ஓடியிருக்கும்.

இது ஒரு படத்தின் கதையல்ல. அதே வருடம் ஜூலையில் இந்தியன் 2 வந்த சில நாட்களில் அதில் 12 நிமிடம் வெட்டப்பட்டது. செப்டம்பரில் மெய்யழகன் நீளம் என்று பேச்சு வந்ததும் 18 நிமிடத்துக்கு மேல் குறைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 'ஏன் வெட்டினீர்கள், அந்தப் பேச்சுகள்தானே படத்தின் உயிர்' என்று சண்டைக்கு வந்தவர்களும் ரசிகர்கள்தான். ஆக, ரசிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிற கூட்டம் இல்லை. ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் லேக் என்கிறார், பக்கத்து சீட்டில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இரண்டையும் படித்துவிட்டு, தன் ரசனை யாரோடு ஒத்துப்போகும் என்று பார்த்து டிக்கெட் எடுப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர். அவரை அவ்வளவு விவரம் இல்லாதவராக நினைக்க வேண்டாம்.

சரி, மூன்று நாள் தடை நடைமுறையில் எப்படி இருக்கும்? 2023 ஜனவரியில் ஒரு படத்தின் கொண்டாட்டத்தில் லாரி மேல் ஏறி ஆடிய ரசிகர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன் பிறகு இங்கே பெரிய நட்சத்திரப் படங்களுக்கும் பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பல படங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. வெளிநாட்டுச் சிறப்புக் காட்சிகள் அதற்கும் முன்னால். நாம் திரையரங்கு வாசலில் நிற்கும்போதே இண்டர்வெல் காட்சி எப்படி, கிளைமாக்ஸ் எப்படி என்பதெல்லாம் ஃபோனுக்கு வந்துவிடும். வளாகத்துக்குள் மைக்கைத் தடுக்கலாம். பாலக்காட்டில் படம் பார்த்த மைத்துனன் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை என்ன செய்வீர்கள்?

வரப்போகும் படங்களைப் பற்றிய பேச்சுக்கு இப்போது வருகிறேன். என் வருத்தம் அதிகம் இருப்பது இங்கேதான். படம் வந்த பிறகு பேசாதே என்கிற நீங்கள், வருவதற்கு முன்னால் ஒரு வருடம் எங்களைப் பேசவைக்க என்னவெல்லாம் செய்கிறீர்கள்! டைட்டில் எப்போது என்பதற்கு ஒரு அறிவிப்பு, அந்த அறிவிப்பு வருகிறது என்பதற்கு ஒரு போஸ்டர், ஃபர்ஸ்ட் லுக், கிளிம்ப்ஸ், டீசர், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புரோமோ. அந்தப் பசி எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021இல் சேப்பாக்கத்தில் பார்த்தோம். எல்லைக் கோட்டருகே ஃபீல்டிங் செய்துகொண்டிருந்த இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம், அப்போது வெளிவராதிருந்த அஜித் படமான வலிமைக்கு 'வலிமை அப்டேட்' கேட்டார்கள். பாவம் அவர். சம்பந்தப்பட்ட நடிகரே கண்ணியம் காக்கும்படி ரசிகர்களுக்கு அறிக்கை விட வேண்டியதாயிற்று.

பாராத படத்தை உலகத் தரம் என்று நாங்கள் பதிவு போட்டால் யாரும் நீதிமன்றம் போவதில்லை. இசை வெளியீட்டு மேடையில் இத்தனை கோடி வசூலிக்கும் என்று சவால் விட்டால் அது நம்பிக்கை. பார்த்தவன் இரண்டாம் பாதி இழுக்கிறது என்றால் மட்டும் அது சதி. எதிர்பார்ப்பை மலையளவு ஏற்றிவிட்டது யார் என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒரு சாதாரணக் குடும்பக் கதையை ஆக்‌ஷன் படம்போல டிரெய்லர் வெட்டிக் காட்டினால், முதல் காட்சிக்கு வருகிறவர்கள் ஆக்‌ஷனைத்தான் தேடுவார்கள். அந்த ஏமாற்றத்தில்தான் பாதித் திட்டு பிறக்கிறது.

இதே வாய்ப்பேச்சு உங்களில் சின்னத் தயாரிப்பாளர்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதை அவர்களிடமே கேளுங்கள். லப்பர் பந்துவுக்கும், 2025 மே 1 அன்று பெரிய நட்சத்திரப் படத்தோடு மோதி வந்த டூரிஸ்ட் ஃபேமிலிக்கும், ஊரெல்லாம் கட்அவுட் வைக்கும் வசதி இருக்கவில்லை. முதல் நாள் பார்த்தவர்கள் 'வீட்டோடு போங்கள், நல்லா இருக்கு' என்று சொல்லிச் சொல்லித்தான் காட்சிகள் கூடின. மலையாளப் படமான மஞ்ஞுமல் பாய்ஸ் தமிழ் டப்பிங்கூட இல்லாமல் தமிழ்நாட்டில் 50 கோடிக்கு மேல் வசூலித்ததும் இந்தப் பேச்சால்தான். இப்படிப்பட்ட படங்களுக்கு முதல் மூன்று நாள்தான் உயிர்நாடி. வெள்ளிக்கிழமை பேச்சு எழாவிட்டால் திங்கட்கிழமை காட்சியே இருக்காது. நீங்கள் கேட்கும் தடை பெரிய படத்தைக் காப்பாற்றுமோ என்னவோ, சின்னப் படத்தைக் கொன்றுவிடும்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்க்காமலே காலை ஆறு மணிக்கு 'டிசாஸ்டர்' என்று ஹேஷ்டேக் போடுகிற எதிர் முகாம் ரசிகர்கள் இருக்கிறார்கள். நடிகையின் உடம்பைக் கேலி செய்வதை விமர்சனம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளைமாக்ஸை ஃபோனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற பிரகஸ்பதிகள் இருக்கிறார்கள். காசு கேட்டு மிரட்டுகிறார்கள் என்கிறீர்கள். அது உண்மையானால் ஆதாரத்தோடு காவல் துறைக்குப் போங்கள், நாங்களும் உங்கள் பக்கம் நிற்போம். திரையரங்கில் ஃபோனைத் தூக்கிப் படம் பிடிப்பவனைத் தடுக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இவை எதற்கும், படம் பார்த்தவன் பேசவே கூடாது என்ற தடை மருந்தல்ல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கும் பாராட்டுகளுக்கு முதலில் பெயர் போடச் சொல்லுங்கள். காசோ பரிசோ வாங்கிப் பதிவிடுகிறவர்கள் அதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இலேயே வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. படம் வருவதற்கு முந்தைய நாள் இரவு ஒரே வார்த்தைகளில் 'இந்த வருடத்தின் சிறந்த படம்' என்று இருபது கணக்குகளில் வரும் பதிவுகளில் அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது? வசைக்கு மட்டும் கணக்குக் கேட்டால் எப்படி?

அப்புறம், ரிலீஸ் ஆன பிறகு வெட்டுகிற அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை ரிலீஸுக்கு முன்பே வெட்ட வழி பாருங்கள். படக்குழுவின் உறவினர்கள், நண்பர்கள், விநியோகஸ்தர்கள் இல்லாத ஐம்பது பேரைக் கூப்பிட்டு, ஃபோனை வாசலில் வாங்கி வைத்துவிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் நெளிகிறார்கள், எந்த இடத்தில் எழுந்து வெளியே போகிறார்கள் என்று பின்வரிசையில் எடிட்டரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் காசு கொடுத்து வருகிற தீவிர ரசிகன், வெட்டப்போகிற பதிப்பையும் சேர்த்துச் சுமப்பது என்ன நியாயம்? அவன் இரண்டாம் முறை வந்தால்தான் ஒழுங்கான படம் கிடைக்கும் என்றால், அவன் முதல் முறை எழுதுவது கோபமாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. அடுத்த பொதுக்குழுவில் இந்த மூன்று நாள் கோரிக்கை மறுபடி வந்தால், தீர்மானம் போடுவதற்கு முன் சின்னப் படம் எடுத்த உறுப்பினர்களுக்கு முதலில் மைக்கைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற ஒரு ரசிகன்